திரும்பக் கூடாத வரிசை

ஒண்ணாம் பிரஸ் சந்தனமாரியை அடித்தபோது நான் பத்தடி தள்ளி எண்ணெய் வாளியோடு நின்றேன். இருநூற்றைம்பது டன் பிரஸ் தகட்டின் மேல் இறங்குகிற சத்தம் எங்களுக்குப் பழகிப்போய்க் காதில் விழுவதே இல்லை. அந்த ஒரு அடி மட்டும் விழுந்தது. இரும்பும் இரும்பும் சேர்கிற சத்தம் இல்லை அது. நடுவில் வேறு ஏதோ இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே அவன் வெளியே நின்றான். நின்றான் என்றுதான் சொல்லணும். முழங்கால்கூட மடங்கவில்லை. தலையும் வலது கையும் உள்ளே. முதலில் அவன் பேண்ட் நனைந்தது, மூத்திரம். அப்புறம்தான் ரத்தம் வந்தது. வந்தது நிற்கவே இல்லை.

இது நடந்தது 2013 ஆவணியில், ஓரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில். கார் கதவுக்கு உள்தகடு அடிக்கிற கம்பெனி. பேரு வேண்டாம். நான் அங்கே டை என்கிற இரும்பு அச்சைக் கழட்டி மாட்டுகிற இடத்தில் ஹெல்பர். ஆறுமுகநயினார் என்று பேரு, ஊரு கோவில்பட்டிக்குத் தெற்கே. செத்தவனும் எங்க பக்கத்துப் பையன்தான். பிரஸ்ஸில் கிளீனரான அவனும், அதே வேலையில் பி ஷிப்ட் பார்க்கிற அவன் அண்ணன் பேச்சிராஜும், நானும் இன்னும் மூணு பேரும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூமில் கிடந்தோம்.

நடந்ததைச் சொல்கிறதுக்கு முன்னாடி பிரஸ் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் விளங்காது.

நாலு பிரஸ், ஒரே வரிசை. முன்பக்கம் ஆப்பரேட்டர், பின்பக்கம் கிளீனர். நடுவே மெஷின் சுவர் மாதிரி நிற்கும், ஒருத்தன் முகம் ஒருத்தனுக்குத் தெரியாது. ஆப்பரேட்டர் பட்டனை அமுக்கினால்தான் ராம் என்கிற மேல்பாளம் இறங்கி அடிக்கும், மற்ற நேரம் மேலேயே நிற்கும், பூட்டியிருக்கா இல்லையா என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது. டையில் கழிவுத் துண்டு சிக்கினால் கிளீனர் கம்பியால் சட்டத்தில் மூணு தட்டு தட்டுவான். ஆப்பரேட்டர் சாவியைத் திருப்பி மெஷினைப் பூட்டுவான். பூட்டினதும் பின்பக்கம் மேலே தொங்குகிற டிவியில் அந்தப் பிரஸ்ஸின் பெட்டி பச்சையிலிருந்து சிவப்பாகும். சிவப்பைப் பார்த்துவிட்டு உள்ளே கையை விடுவோம். பின்கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சார் ஒன்று இருந்தது. அது கெட்டு ஆறு மாசம், வயரைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக அந்த டிவிதான் எங்கள் உயிர்.

நாலு பிரஸ்ஸுக்கு நாலு பெட்டி. பெட்டிக்குள் நம்பர் உண்டு. ஆனால் நம்பரைப் பார்க்கிறவன் எவனும் கிடையாது. இடது ஓரத்துப் பெட்டி இடது ஓரத்துப் பிரஸ், வலது ஓரத்துப் பெட்டி வலது ஓரத்துப் பிரஸ். கழுத்தைத் தூக்கினால் கண் தானாகப் போய் நிற்கும். எட்டு மணி நேரத்தில் நூறு தடவை தூக்குகிற கழுத்துக்கு நம்பர் எதுக்கு?

அன்றைக்கு ஒண்ணாம் பிரஸ்ஸில் முன்பக்கம் நின்றவன் கன்னியப்பன். மண்ணூர்க்காரன், உள்ளூர். சத்தம் மாறினதும் எமர்ஜென்சி பட்டனைக் குத்திவிட்டுச் சுற்றி ஓடிவந்தான். சந்தனமாரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தான். வரவில்லை. ராமை மேலே ஏற்றச் சொல்லிக் கத்தினான். ஏற்றினோம். வந்தது. வந்ததை இங்கே எழுத மாட்டேன். கன்னியப்பன் அதன் மேலேயே வாந்தி எடுத்தான்.

மேனேஜர் படியிறங்கி வந்தார். மேலே ஆபீசில் வளைகுடா நாட்டிலிருந்து வந்த விருந்தாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களிடம் பிரஸ் லைனும் அந்த டிவியில் ஓடுகிற கம்ப்யூட்டர் பக்கமும் சேர்த்து வாங்கிப் போகிற திட்டம். அவர்களுக்காகக் காலையில் டிவியை அரபிக்கு மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றியது நான். மூணு பட்டன் இருக்கும், தமிழ், இங்கிலீஷ், அரபி. மவுஸைத் தொடப் பயப்படுகிற கூட்டத்தில் தொடுகிறவன் நான் ஒருத்தன். முப்பத்தாறு வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவனுக்கு இந்த மாதிரி வேலை கொடுத்தால் ஒரு பெருமை.

“டிவிய தமிழுக்கு மாத்துய்யா. இனி அவங்க கீழ வர மாட்டாங்க” என்றார்.

கையில் ரத்தம். துடைத்துவிட்டு அமுக்கினேன். அவர் தெரிந்து சொன்னாரா, பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போலீஸ் வந்து பார்த்தபோது டிவி தமிழில், நேராக, ஒழுங்காக இருந்தது.

விபத்து என்று அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அதுக்கு ஆறு நாள் முன்னாடி கேன்டீனில் ஒரு சண்டை. சாம்பார் வாளியைச் சந்தனமாரி தட்டிவிட்டான், கன்னியப்பன் சட்டையில் கொட்டிவிட்டது.

“கண்ணு இன்னா பொடனியில கீதா?” என்றான் கன்னியப்பன்.

“பொடனியில இருந்தா ஒம் மூஞ்சியப் பாக்காம இருந்திருப்பேம்ல” என்றான் சந்தனமாரி.

சிரிப்பு அடங்குவதற்குள் தட்டு பறந்தது. சந்தனமாரிக்குப் புருவம் கிழிந்தது, கன்னியப்பனுக்குப் பல் ஆடியது. இழுத்துப் பிரிக்கும்போது கன்னியப்பன் கத்தினான், “உன்ன பிரஸ்ல வெச்சி நசுக்கறன் பார்றா!” முப்பது பேர் கேட்டார்கள்.

அந்த ஒரு பேச்சு போதாதா? கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. கிளீனர் உள்ளே இருப்பது தெரிந்தே ஆப்பரேட்டர் முன்பகையில் அடித்தான் என்று ரிப்போர்ட் தயாரானது. போலீஸ் கன்னியப்பனைக் கூட்டிப்போய் ஒரு பகல் முழுக்க உள்ளங்காலில் அடித்து, ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசின பிறகு, கூப்பிட்டால் வரணும் என்று செல்போனைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியது. தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றி ஊருக்குப் புறப்படும்போது பேச்சிராஜ் அழவில்லை. என்னைப் பார்த்து, “காரியத்த முடிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னான். எந்தக் காரியம் என்று நான் கேட்கவில்லை. போலீஸுக்கும் பேச்சிராஜுக்கும் வேண்டியது ஒரே ஆள்தான். கன்னியப்பன்.

எனக்கோ தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் ரத்தம் வரவில்லை, டிவி வந்தது. கன்னியப்பன் எமர்ஜென்சியைக் குத்தின அந்த நொடியில் நான் அண்ணாந்து பார்த்தேன். அப்போது ஒரு பெட்டி பச்சையிலிருந்து சிவப்பானது. அது வலது ஓரத்துப் பெட்டி. ஒண்ணாம் பிரஸ் இருப்பதோ இடது ஓரத்தில். இடது ஓரத்துப் பெட்டி அதுக்கு முன்னாடியே சிவப்பாகத்தான் இருந்தது.

மூணாம் நாள் காலையில் மண்ணூருக்குப் போனேன். பிரவீனா வீட்டுக்கு. டிவியில் ஓடுகிற பக்கத்தை எழுதினது அந்தப் பெண்தான், கம்பெனியில் கான்ட்ராக்ட். அப்பா யாக்கோபு ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். வாசலில் நின்று நான் பார்த்ததைச் சொன்னேன். முழுசாகச் சொல்லக்கூட இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“தெரியும்ண்ணா. அன்னிக்கு சாயந்தரமே தெரிஞ்சிடுச்சி.”

உள்ளே போய் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். ஒரு பைலைத் திறந்து காட்டினாள். வரிவரியாக இங்கிலீஷ். ஸ்டைல் ஷீட் என்றாள். பக்கத்தில் எது எங்கே நிற்கணும், எவ்வளவு தள்ளி நிற்கணும், என்ன கலர், எல்லாம் அதில்தான் இருக்குமாம்.

“அரபி வலப்பக்கத்துலேர்ந்து எழுதறது. அதனால பக்கம் மொத்தமும் திரும்பணும். தலைப்பு வலப்பக்கம் போவணும், மெனு இந்தாண்ட வரணும். ஒவ்வொண்ணா மாத்தினா மாசக்கணக்கு ஆவும். அதுக்கு ஒரு டூல் கீது. இந்த பைல்ல எங்கெல்லாம் லெஃப்ட்னு கீதோ அங்கெல்லாம் ரைட்னு போட்டுடும், ரைட்ட லெஃப்ட் ஆக்கிடும். ஒரே தட்டு.”

“சரி.”

“அதுல இந்த நாலு பெட்டியும் திரும்பிடுச்சிண்ணா. ஒண்ணு வலது ஓரத்துக்கு வந்துச்சி, நாலு இடது ஓரத்துக்குப் போச்சி. எழுத்துதான் திரும்பணும். பிரஸ் தரையில கீதுல்ல? அது திரும்பாதே.” கைவிரலால் ஒரு வரியைத் தொட்டாள். “இதுக்கு மேல ‘இத தொடாத’ன்னு ஒரு குறிப்பு எழுதினா டூல் விட்டுடும். ஒரே ஒரு குறிப்பு. நான் எழுதல.”

எனக்கு அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. விருந்தாளிகள் வருவதற்கு ரெண்டு நாள் முன்னாடி இதே லேப்டாப்பில் அந்த அரபிப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். “பாத்துச் சொல்லுங்கண்ணா, எதுனா தப்பாத் தெரியுதா?” நான் பார்த்தேன். சட்டையை முன்பின்னாகப் போட்ட மாதிரி இருக்கு என்று சொல்லிச் சிரித்தேன். நல்லாருக்கு என்றேன். அன்றைக்கு நாலு பிரஸ்ஸும் ஓடின. நாலு பெட்டியும் பச்சை. நாலும் பச்சையாக இருந்தால் எது எங்கே மாறியிருக்கிறது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

ஆனால் சந்தனமாரி செத்த அன்றைக்கு நாலாம் பிரஸ்ஸில் டை மாற்றினோம். அது பூட்டிக் கிடந்தது. அதன் சிவப்பு இடது ஓரத்தில் எரிந்தது. ஒண்ணாம் பிரஸ்ஸில் துண்டு சிக்கியது. பையன் மூணு தட்டு தட்டினான். ரெண்டாம் பிரஸ் இரைச்சலில் கன்னியப்பனுக்கு அது கேட்கவில்லை. பையன் அண்ணாந்தான். தன் இடத்தில் சிவப்பு. தனக்காகப் பூட்டிவிட்டான் என்று நம்பித் தலையை விட்டான்.

“மேனேஜர்ட்ட சொன்னியாம்மா?”

“சொன்னேன். அரபிப் பக்கத்தை அழிச்சிட்டு வாயை மூடிக்கோன்னாரு. அங்க அழிச்சாச்சி. என் லேப்டாப்புல கீறது அவருக்குத் தெரியாது.” லேப்டாப்பை மூடினாள். “கன்னியப்பன் அண்ணன் வூடு அடுத்த தெரு. அவங்க வூட்டம்மா தண்ணி புடிக்க வரும்போது நான் உள்ள போயி ஒளிஞ்சிக்கிறேன்.”

ரூமுக்குத் திரும்பினேன். மத்தியானம் ஒரு மணிக்குப் பேச்சிராஜ் வந்தான். மொட்டை போட்டிருந்தான். கையில் வேட்டித் துணியில் சுற்றின நீளப் பொட்டலம். சுவரோரமாகச் சாய்த்து வைத்தபோது தரையில் இரும்பு பட்டது. ரூமில் நானும் அவனும்தான், மற்றவர்கள் ஷிப்டில்.

“அண்ணாச்சி, அவன் வீட்டக் காட்டும். போதும். மிச்சத்த நாம் பாத்துக்கிடுதேன்.”

“பேச்சி, மொதல்ல உக்காரு. அவன் கொல்லலடே.”

“பின்ன? பேயா கொன்னுச்சு?”

சொன்னேன். பெட்டி மாறினதைச் சொன்னேன், அரபியைச் சொன்னேன், அந்தப் பெண் ஒரு குறிப்பு எழுத மறந்ததைச் சொன்னேன். பிரவீனா வாயில் கேட்கும்போது தெளிவாக இருந்தது. என் வாயில் வரும்போது குடிகாரன் கதை மாதிரி இருந்தது. எனக்கே கேட்டது. பேச்சிராஜ் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு என் நெஞ்சில் மிதித்தான்.

“கம்பியூட்டர்ல எழுத்து வலமிருந்து வந்துச்சாம், அதுல எந்தம்பி தலை போச்சாம்! எவங்கிட்ட எவ்வளவு வாங்கினீரு?”

எழுந்திரிக்கப் பார்த்தேன். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் அடித்தான். ஒன்று, ரெண்டு. உதடு பல்லில் கிழிந்து வாய் நிறைந்தது. துப்பினேன். “நீரு எங்கூட ஒரே பாயில படுத்தவரு வேய்,” என்று சொல்லிக்கொண்டே விலாவில் மிதித்தான். “அவனுக்குச் சோறு போட்டவரு.” அப்போதுதான் அவன் குரல் உடைந்தது. மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. கடைசியில் எனக்கு மூச்சு வராமல் சுருண்டதைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை எடுத்தான்.

“மண்ணூர்தானே. கேட்டா எவனும் சொல்லுவான்.”

பைக் சத்தம் கேட்டது. ஊர்ந்து போய்ப் போனை எடுத்துப் பிரவீனாவுக்கு அடித்தேன்.

“அம்மா, பேச்சிராஜ் வாரான். அருவாளோட. உன் பேரச் சொல்லிட்டேன். கதவப் பூட்டிக்கிட்டு உள்ள இரு. கன்னியப்பன் வீட்டுக்கு யாரையாவது அனுப்பி ஓடச் சொல்லு.”

கேட்டுக்கொண்டாள். அப்புறம், “நம்ம வாயால சொன்னா நம்ப மாட்டாருல்ல?” என்றாள்.

“நம்பல.”

“சரிண்ணா.” வைத்துவிட்டாள்.

ரோட்டில் ஒரு தண்ணி லாரியை மறித்து ஏறினேன். டிரைவர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார். மண்ணூரில் இறங்கினபோது தெருவில் கூட்டம் நின்றது. கிட்டே போகாமல் நின்றது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கம்பு தேடினார்கள்.

விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கன்னியப்பன் வீட்டு வாசல் பூராவும் தண்ணியும் ரத்தமும் கலந்து ஓடியது. பிளாஸ்டிக் குடம் உருண்டு கிடந்தது. அவன் பெண்சாதி கோவிந்தம்மா சுவரோரம் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்திருந்தாள், விரலிடுக்கில் ரத்தம். கன்னியப்பன் மல்லாந்து கிடந்தான். வலது தோளில் சதை பிளந்து எலும்பு தெரிந்தது. பேச்சிராஜ் அவன் வயிற்றில் ஒரு காலை ஊன்றி அருவாளை ஓங்கி நின்றான். கோவிந்தம்மா மண்வெட்டியால் அடித்திருக்கிறாள் போல, அவன் காதிலிருந்தும் ஒழுகியது.

“நாந்தான் அடிச்சேன்னு சொல்லு. சொல்லிட்டுச் சாவு.”

“எனக்கு கேக்கலடா,” என்றான் கன்னியப்பன். “தட்டுனது கேக்கலடா. எம்புள்ள மேல சத்தியமா கேக்கல.”

“சொல்லுல!”

அப்போது பக்கத்து வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு பிரவீனா வந்தாள். வீட்டில் உடுத்தும் நைட்டி, அதன் மேல் துப்பட்டா, மாரோடு அணைத்த லேப்டாப். நான் கத்தினேன், போ போ என்று. என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. வாசலில் துணி துவைக்கிற கல் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள்.

“அண்ணா, நீங்க பி ஷிப்ட் கிளீனருதானே?”

பேச்சிராஜ் தலையை மட்டும் திருப்பினான். “யாருட்டி நீ? போயிரு.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சொல்லிட்டு அப்புறம் வெட்டுங்க. நான் தடுக்க மாட்டேன்.” லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். “ஒண்ணாம் பிரஸ்ல துண்டு சிக்கிச்சி. நீங்க பின்னால நிக்கிறீங்க. தட்டிட்டீங்க. கையை விடலாமா, வேணாமா?”

நாலு பெட்டி. இடது ஓரம் சிவப்பு. மற்ற மூணும் பச்சை. சுற்றி அரபி எழுத்து.

அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையே இல்லை அது. கழுத்து தானாகத் தூக்கியது, கண் இடது ஓரத்தில் போய் நின்றது.

“ஒண்ணு நிக்குது. விடலாம்.”

“விட்டீங்க,” என்றாள். “செத்துட்டீங்க.”

தெருவில் யாரோ ஒரு பெண் அழுவது மட்டும் கேட்டது.

“நிக்கறது நாலாவது. ஒண்ணு ஓடிகினு கீது.” பட்டனை அமுக்கினாள். எழுத்து தமிழானது. நாலு பெட்டியும் இடம் மாறி விழுந்தன. சிவப்பு வலது ஓரத்துக்குப் போனது. இடது ஓரம் பச்சை, உள்ளே ‘1’. மறுபடி அமுக்கினாள். சிவப்பு இடது ஓரத்துக்கு வந்தது. “உங்க தம்பி பாத்தது இதான். நீங்க சொன்னதத்தான் அவரும் நினைச்சாரு.”

பேச்சிராஜ் அருவாளைத் தொங்கவிட்டான். கன்னியப்பன் வயிற்றிலிருந்து காலை எடுத்தான். கல்லருகே வந்து குனிந்தான். ரத்தம் ஒட்டின விரலால் அவனே அந்தப் பட்டனை அமுக்கினான். மாறியது. அமுக்கினான். மாறியது. ஏழெட்டு தடவை அமுக்கினான்.

“நானும் தலைய விட்டிருப்பேன்,” என்றான். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்தான். “எவன் எழுதினது இத?”

“நான்தான்,” என்றாள் பிரவீனா.

“எவன் அமுக்கினது?”

“நான்,” என்றேன்.

அருவாளின் முதுகால் என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. மண்டிபோட்டேன். அவன் பிரவீனா பக்கம் திரும்பி ஓங்கினான். இந்தத் தடவை கூர்ப்பக்கம். அவள் ஓடவில்லை. லேப்டாப்பை மூடி மாரோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அருவாள் மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு இறங்கியது, அவள் மேல் இல்லை, அந்தத் துவைக்கிற கல்லில். மறுபடி ஓங்கிக் கல்லை வெட்டினான். மறுபடி. பொறி பறந்தது, சில்லு தெறித்து அவன் கன்னத்தையே கிழித்தது. அருவாள் வாய் முறியும் வரை வெட்டினான். “லேய் சந்தனம்! லேய் சந்தனம்!” என்று ஒவ்வொரு வெட்டுக்கும் கூப்பிட்டான்.

அருவாள் முறிந்ததும் தெரு உள்ளே வந்தது.

அதுவரை பயந்து நின்ற முப்பது பேர் கம்பும் செங்கல்லுமாக அவன் மேல் விழுந்தார்கள். “எங்க ஊருக்கே வந்து வெட்றியா, எங்க ஊருக்கே வந்து!” அவன் கையைத் தூக்கவில்லை. முதலில் முழங்கை போனது. பிறகு மற்ற கை. ஒருத்தன் குழவிக்கல்லைத் தூக்கிவந்தான். நான் ஒற்றைக் கையால் அவன் காலைப் பிடித்தேன், உதறினான், முகத்தில் மிதி விழுந்தது. பிரவீனா கத்தினது எவன் காதிலும் ஏறவில்லை. ஏறினது கன்னியப்பன் குரல் ஒன்றுதான். கிடந்தபடியே கத்தினான்:

“டேய், போதும்டா! அவன் செத்தா நான் சொல்றத கேக்க யார்றா கீறான்? வுடுங்கடா!”

குழவிக்கல் பேச்சிராஜ் தலைக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் விழுந்தது.

ரெண்டு பேரையும் ஒரே லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். நடுவில் நான். ஒரு பக்கம் கன்னியப்பன் தோளில் பிரவீனாவின் துப்பட்டா, சொட்டச் சொட்ட. இன்னொரு பக்கம் பேச்சிராஜ், ரெண்டு கையும் வேறு திசையில் மடங்கி. வழியெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை பேச்சிராஜ் கேட்டான், “மூணு தட்டும் தட்டினானா அண்ணாச்சி?” தட்டினான் என்றேன்.

ஆஸ்பத்திரியில் கன்னியப்பனுக்குத் தையல் போட்டு முடித்ததும் ஏட்டு ஒருத்தர் வாக்குமூலம் எடுக்க வந்தார். கட்டில் ஓரத்தில் அட்டையை வைத்துக்கொண்டார். என் தோளுக்குக் கட்டுப்போட்டுக் கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தார்கள், பக்கத்து ஸ்டூலில் நான். வாசலில் பிரவீனா.

“யாரு வெட்டினது?”

“பேச்சிராஜ்,” என்றான் கன்னியப்பன். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. “என்னைத்தான் வெட்னான், எழுதிக்கோ. அவன் தம்பிய கொன்னது நான் இல்ல. அதையும் எழுதிக்கோ. பெட்டி மாறிப் போச்சி. இந்தப் பொண்ணு காட்டும்.”

ஏட்டு எழுதினார். வெகு நேரம் எழுதினார். “கையெழுத்துப் போடு” என்று பேனாவை நீட்டினார். கன்னியப்பனுக்குக் கண் சொருகியது, மருந்து வேலை செய்தது. பேனா அவன் விரலில் நின்றது.

எனக்கு வேகமாகப் படிக்க வராது. எழுத்தெழுத்தாகத்தான் போவேன். அட்டையை எட்டிப் பார்த்து, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன். பேச்சிராஜ் இருந்தான். அருவாள் இருந்தது. முன்பகை இருந்தது. வேலைத்தளத்தில் வேண்டுமென்றே இயந்திரத்தை இயக்கி உயிரிழப்பு ஏற்படுத்திய கன்னியப்பன் என்று ஒரு வரி இருந்தது. பெட்டி இல்லை. டிவி இல்லை. அரபி இல்லை.

“ஐயா, அவன் சொன்ன ரெண்டாவது எழுதலீங்க.”

“உன்னக் கேட்டனா?”

“அவன் கொல்லலன்னு சொன்னான். நீங்க கொன்னான்னு எழுதியிருக்கீங்க.”

அவர் எழுந்து வந்து என் கட்டுப்போட்ட தோளில் கையை வைத்தார். தட்டிக்கொடுக்கிற மாதிரித்தான் வைத்தார். அப்புறம் அழுத்தினார். கண்ணில் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டூலிலிருந்து சரிந்தேன்.

“கம்பெனி ரிப்போர்ட் வந்தாச்சு. அதுல இருக்கறதுதான் இதுல இருக்கும். புரியுதா?”

தரையில் கிடந்தபடி சொன்னேன், “ரெண்டாவது எழுதலீங்க.”

ஷூ விலாவில் பட்டது, பேச்சிராஜ் மிதித்த அதே விலாவில். நான் அதையே சொன்னேன். வலியில் வேறு சொல் வரவில்லை. வார்டில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து உட்கார்ந்தார்கள். பிரவீனா வாசலிலிருந்து உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்து ஏட்டின் அட்டை மேலேயே வைத்தாள்.

“என் பேரு பிரவீனா, அப்பா பேரு யாக்கோபு. இந்தப் பக்கத்தை எழுதினது நான். தப்பு எங்க கீதுன்னு நான் காட்டறேன். என் பேரையும் சேத்து எழுதுங்க. வேலை போனா போவட்டும்.”

ஏட்டு அவளைப் பார்த்தார், எழுந்து உட்கார்ந்த வார்டைப் பார்த்தார். கன்னியப்பன் விரலைத் திறந்தான். பேனா கட்டிலுக்கு அடியில் உருண்டது.

“எழுதாம போட மாட்டேன்” என்றான்.

ஏட்டு குனிந்து பேனாவைத் தானே எடுத்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அந்தத் தாளைக் கிழித்துப் புதுத் தாள் வைத்தார். பிரவீனா சொல்லச் சொல்ல எழுதினார். நான் தரையிலிருந்து எழுந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு எரிச்சல். “போதுமா?” என்று முழு வரி எழுதிவிட்டுக் கேட்டார்.

வாய்விட்டுப் படித்தேன், கன்னியப்பனுக்குக் கேட்கும்படி. உதடு கிழிந்திருந்ததால் மெதுவாகத்தான் வந்தது. ‘ஒண்ணாம் எண் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது திரையில் அதன் இடத்தில் நாலாம் எண்ணின் சிவப்பு காட்டப்பட்டதால், மேற்படி சந்தனமாரி இயந்திரம் நின்றுவிட்டதாக நம்பி உள்ளே தலையை விட்டார்.’

“நம்பி,” என்றான் கன்னியப்பன். “அது கீதுல்ல?”

“இருக்கு.”

பேனாவுக்குக் கையை நீட்டினான்.